புதிய சபைக்கு வருமான வரி விலக்கு: கொளத்தூர் போதகர் ஒருவருக்குப் பதில்

கேள்வி இது: கொளத்தூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கொட்டகை போட்டு நான்கு ஆண்டுகளாக ஆராதனை நடக்கிறது. அறுபது குடும்பங்கள் சேர்ந்திருக்கிறார்கள். காணிக்கையும் தசமபாகமும் போதகரின் சொந்த வங்கிக் கணக்கிலேயே போடப்பட்டு வந்திருக்கின்றன. இப்போது அரை கிரவுண்டு இடம் விலைக்கு வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் இடம் வாங்கப் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார். "சபைக்கு வரி கிடையாது, பதிவும் வேண்டாம்" என்றும் சொல்கிறார். அது சரியா? விலக்கு வாங்க என்ன செய்ய வேண்டும்? காணிக்கை கொடுப்பவர்கள் தங்கள் வருமானத்தில் கழிவு கேட்க 80ஜி ரசீது கொடுக்கலாமா?

தோத்திரம் பாஸ்டர். உங்கள் மைத்துனர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர்ச் சட்டத்தைச் சொல்கிறார். அங்கே 501(சி)(3) என்ற பிரிவின் நிபந்தனைகளுக்குள் நடக்கும் திருச்சபைக்கு, தனியாக விண்ணப்பம் போடாமலே வரி விலக்கு உண்டு. இங்கே அப்படி ஒரு வழி இல்லை. கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அமைப்பாக இருந்தால்தான் விலக்கு. பதிவு இல்லாத சபைக்கு வரும் காணிக்கை, சட்டத்தின் பார்வையில் வரிக்குரிய வருமானம்.

உங்கள் நிலைமை அதைவிடச் சிக்கலானது. பணம் சபைக் கணக்கில்கூட இல்லை, உங்கள் பெயரில் இருக்கிறது. ஓர் ஆண்டில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு வரும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, மொத்தமும் அவருடைய வருமானம். அதை ஊழியத்துக்காகச் செலவழித்தேன் என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். ஆகவே பத்திரம், படிவம் பற்றியெல்லாம் பேசுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வரி விலக்கின் முழுச் சாரமும் சபையின் பை வேறு, போதகரின் பை வேறு என்று காட்டுவதில் இருக்கிறது. அதிகாரி கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும்.

அந்த அரை கிரவுண்டுக்கு அவசரப்பட்டு உங்கள் பெயரில் கிரையம் செய்துவிடாதீர்கள். "பிறகு சபைக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று பலர் சொல்வார்கள். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மாற்றும்போது இன்னொரு முறை இப்படிச் செலவாகும். பணம்கூடப் பெரிதில்லை. வடசென்னையில் ஒரு சபை, சபையாரின் காசில் போதகர் பெயரில் இடம் வாங்கியது. போதகர் காலமான பிறகு வாரிசுகளில் ஒருவர் பங்கு கேட்டார். முப்பது ஆண்டு ஒன்றாக ஜெபித்தவர்கள் வக்கீல் வைத்துக்கொண்டு நின்றதை அந்தச் சபையின் கணக்குகளைப் பார்க்கப் போன நான் நேரில் கண்டேன். போதகர் துளியும் தவறான எண்ணம் இல்லாத மனிதர். பத்திரத்தில் யார் பெயர் இருந்தது என்பது ஒன்றுதான் பிரச்சினை.

அடுத்து, அமைப்பு. நீங்கள் ஏதாவது பெரிய சபையின் கிளையாகச் சேர விரும்பினால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். கத்தோலிக்கப் பங்குகள் மறைமாவட்டத்தின் பதிவுக்குள் வருவதுபோலவும், சி.எஸ்.ஐ. சபைகள் தங்கள் பேராயத்தின்கீழ் இயங்குவதுபோலவும், சில பெந்தெகொஸ்தே ஐக்கியங்களும் கிளைச் சபைகளைத் தங்கள் பதிவுக்குள் ஏற்றுக்கொள்ளும். அப்போது தனி விண்ணப்பம் தேவைப்படாது. ஆனால் சொத்தும் கணக்கும் அவர்களுடையதாகிவிடும். தனிச் சபையாகவே இருப்பதென்றால் மூன்று வழிகள்: அறக்கட்டளை, சங்கம், 8ஆம் பிரிவுக் கம்பெனி என்ற லாப நோக்கமில்லாத கம்பெனி. கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு மதத்தையும் நோக்கமாக ஏற்கிறது. ஆனாலும் அறுபது குடும்பச் சபைக்கு அந்தச் சுமை வேண்டாம். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர், ஆண்டுதோறும் பொதுக்குழு, தேர்தல், மாவட்டப் பதிவாளரிடம் கணக்கு. சபையாரே நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கும் சபைக்கு அதுதான் நேர்மையான வடிவம். போதகரைச் சுற்றி வளர்ந்த சபைகள் பெரும்பாலும் அறக்கட்டளைக்குப் போகின்றன. நீங்களும் அங்கேதான் வருவீர்கள் என்று நினைக்கிறேன்.

வந்தால் பத்திரத்தை எழுதுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் கிடைக்கும் மாதிரிப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிப் பதிவு செய்துவிட்டு, மூன்று ஆண்டு கழித்து அதில் விடுபட்ட ஒரு வாசகத்துக்காகத் தவிக்கிறவர்கள் உண்டு. தர்மகர்த்தாக்கள் ஐந்து முதல் ஏழு பேர் இருக்கட்டும். அதில் உங்கள் குடும்பத்தார் சிறுபான்மையாக இருக்கட்டும். கணவன், மனைவி, மகன் மூவரே தர்மகர்த்தாக்கள் என்றால் சட்டம் அதைத் தடுக்காது. ஆனால் பார்க்கிறவருக்கு அது குடும்பச் சொத்து என்றே தோன்றும், அதில் தவறு சொல்ல முடியாது. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து. இந்த அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது என்ற வாசகம் கட்டாயம் வேண்டும். கலைக்க நேர்ந்தால் மிச்சச் சொத்து இதேபோன்ற நோக்கமுள்ள, வரிப் பதிவு பெற்ற வேறோர் அமைப்புக்கே போகும் என்றும் எழுதுங்கள். பணத்தைச் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் மட்டுமே வைப்போம் என்றும் ஒரு வரி. வங்கி வைப்பு, அஞ்சலகம், அரசுக் கடன் பத்திரம், அசையாச் சொத்து ஆகியவை சரி. மூப்பர் ஒருவர் நடத்தும் சீட்டில் கட்டட நிதியைப் போட்டு வைப்பது நம் ஊரில் சாதாரணம். அறக்கட்டளைக்கு அது கூடாது.

இனி, நான் அதிக நேரம் எடுத்துச் சொல்ல விரும்பும் விஷயம்: நோக்கம் என்ற பகுதியில் என்ன எழுதுவது? இங்கேதான் சபைகள் வழுக்குகின்றன. வருமான வரிச் சட்டம் மத நோக்கம், தர்ம நோக்கம் என்று இரண்டைப் பிரிக்கிறது. ஆராதனை, ஜெபக்கூடம், ஞானஸ்நானம், வேதபாடம், ஊழியர் பராமரிப்பு எல்லாம் மத நோக்கம். இது ஒரு குறிப்பிட்ட சமயத்தாருக்கு மட்டும் என்று இருந்தால் குற்றமில்லை. பொதுவாகக் கிறிஸ்தவர்கள் வந்து தொழக்கூடிய இடமாக இருந்தால் போதும், ஒரு குடும்பத்தின் தனி ஜெபக்கூடமாக இருக்கக் கூடாது. பள்ளி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி ஆகியவை தர்ம நோக்கம். அதை ஒரே மதத்தாருக்கோ சாதிக்கோ என்று ஒதுக்கினால் விலக்கு போய்விடும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு என்று வைத்தால் மட்டும் அது மத, சாதி ஒதுக்கீடாகக் கொள்ளப்படாது.

மதமும் தர்மமும் கலந்த அறக்கட்டளைக்கும் இந்தத் தடை பொருந்தும் என்று தாவூதி போரா ஜமாத் என்ற முஸ்லிம் சமூக அமைப்பின் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஜமாத்தின் தர்மப் பணிகள் தம் சமூகத்தாருக்கு மட்டும் என்று இல்லாததால் அவர்கள் தப்பினார்கள். உங்களுக்கு இதன் பொருள் என்ன? மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், 2023 டிசம்பரில், கொளத்தூர் தெருக்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றபோது உங்கள் சபை சாப்பாடு கொடுத்திருக்கும். யார் வீடு என்று கேட்டுக் கொடுத்திருக்க மாட்டீர்கள். செய்வதையே எழுதுங்கள்: "சாதி, மத வேறுபாடின்றி அனைவருக்கும்". மாலை டியூஷன், தையல் வகுப்பு, மருத்துவ முகாம் எதுவானாலும் அந்தச் சொற்றொடர் இருக்கட்டும். "சபை விசுவாசிகளின் நலனுக்காக உதவித்தொகை" என்று யாராவது ஆர்வத்தில் ஒரு வரி சேர்த்தால் அடித்துவிடுங்கள். அந்த ஒரு வரி முழு விலக்கையும் ஆபத்தில் தள்ளும்.

இதிலிருந்தே 80ஜி கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. கிடைக்காது. 80ஜி (2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 133ஆம் பிரிவு), கொடுப்பவருக்குக் கிடைக்கும் கழிவு. முழுக்கவோ பெரும்பாலுமோ மத நோக்கம் கொண்ட அமைப்புக்கு அது இல்லை. தர்ம அறக்கட்டளை ஒன்று மதச் செயலுக்கு வருமானத்தில் 5 சதவீதம் வரை செலவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மத்திய அரசு அறிவிக்கை செய்த புகழ்பெற்ற, வரலாற்றுச் சிறப்புள்ள வழிபாட்டுத் தலங்களின் பழுதுபார்ப்புக்குத் தனி வழி ஒன்று இருக்கிறது, அது புதிய சபைக்கானது அல்ல. ஆகவே தசமபாகம் கொடுக்கும் ஐ.டி. கம்பெனித் தம்பிகளிடம் "80ஜி ரசீது தருகிறோம்" என்று சொல்லாதீர்கள். சிலர் 80ஜிக்காகவே தர்மப் பணிக்குத் தனி அறக்கட்டளை தொடங்குவார்கள். அது முறையானதுதான், ஆனால் இரண்டு கணக்கு, இரண்டு தணிக்கை. டியூஷன் வகுப்பு நாற்பது பிள்ளைகளைத் தாண்டட்டும், அப்போது யோசிக்கலாம்.

காணிக்கைப் பை பற்றிப் பலருக்குப் பயம். பையில் யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது, பெயர் தெரியாத நன்கொடைக்கு 30 சதவீதம் வரி என்கிறார்களே? அந்த வரி தர்ம அறக்கட்டளைகளுக்கானது. முழுக்க மத நோக்கமுள்ள அமைப்புக்கு அது கிடையாது. மதமும் தர்மமும் கலந்த அமைப்புக்கும் கிடையாது, பள்ளிக்கு அல்லது மருத்துவமனைக்கு என்று குறித்துக் கொடுக்கப்பட்ட பணம் நீங்கலாக. 2025 பிப்ரவரியில் வந்த புதிய வருமான வரி மசோதாவில் கலந்த அமைப்புகளுக்கான இந்தப் பாதுகாப்பு விடுபட்டிருந்தது. நாடாளுமன்றத் தெரிவுக் குழு சுட்டிக்காட்டிய பின் ஆகஸ்டில் வந்த திருத்திய மசோதாவில் திரும்பச் சேர்த்தார்கள். நம்மைப் போன்ற சிறு சபைகளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

அதற்காகப் பையை அப்படியே எண்ணி எடுத்துப் போகலாம் என்பதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணி, ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை முழுத் தொகையையும் அறக்கட்டளைக் கணக்கில் கட்டுங்கள். அதிலிருந்தே செலவுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டும் பழக்கம் வேண்டாம். தசமபாக உறைக்குப் பெயர், முகவரி, பான் எண்ணோடு ரசீது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, அது காணிக்கைக்கும் பொருந்தும். கட்டட நிதிக்கு என்று கொடுப்பவரிடம் "இது மூலநிதிக்கு" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்த மூலநிதி ஆண்டு வருமானத்தில் சேராது, ஆனால் அதைத் தனியாக வங்கியில் காட்ட வேண்டும். எழுதி வாங்காவிட்டால் அதுவும் சாதாரணக் காணிக்கைதான்.

பதிவுக்கு வருவோம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 12ஏபி பிரிவு என்று இருந்தது, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் 332ஆம் பிரிவு. ஆடிட்டர்கள் பழக்கத்தில் 12ஏ என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம். அறக்கட்டளைப் பத்திரம் பதிவானதும் அதன் பெயரில் பான் கார்டு, பிறகு வங்கிக் கணக்கு, பிறகு வருமான வரி இணையதளத்தில் விண்ணப்பம். பணி இன்னும் தொடங்கவில்லை என்றால் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு. அது காகிதங்களைப் பார்த்தே கிடைத்துவிடும். பணி தொடங்கிவிட்டால் முறையான பதிவுக்கு விண்ணப்பம். அதைச் சென்னையில் விலக்குப் பிரிவு ஆணையர் பார்ப்பார், அலுவலகம் நுங்கம்பாக்கம் ஆயகர் பவன் வளாகத்தில். பெரும்பாலும் கேள்விகள் இணையம் வழியாகவே வரும். வாடகை ஒப்பந்தம், ஆராதனைப் படங்கள், வங்கி அறிக்கை, காணிக்கை நோட்டு, மூன்று ஆண்டுவரை கணக்கு என்று கேட்பார்கள். பதிவு 5 ஆண்டுக்கு. ஆண்டு வருமானம் 5 கோடிக்குள் உள்ள அமைப்புகளுக்குப் புதுப்பிக்கும்போது 10 ஆண்டு கிடைக்க வழி உண்டு.

தற்காலிகப் பதிவு வாங்கியவர்கள் தடுமாறுவது அடுத்த படியில். பணி தொடங்கி ஆறு மாதத்துக்குள், பணி தொடங்காவிட்டால் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே, அடுத்த விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். சபைக்குப் பணி தொடக்கம் என்றால் என்ன? கட்டடம் கட்டி முடித்து பிரதிஷ்டை செய்யும் நாள் என்று நினைத்துவிடாதீர்கள். அறக்கட்டளையின் பெயரில் மொட்டை மாடியில் நடக்கும் முதல் ஞாயிறு ஆராதனையே தொடக்கம். அன்று முதல் நாட்காட்டியில் ஆறு மாதத்தை எண்ணுங்கள். உங்களைப் போல் ஏற்கெனவே ஆராதனை நடக்கும் சபை நேராக இரண்டாவது வகை விண்ணப்பத்துக்கே போவது நல்லது என்பது என் கருத்து. தவறவிட்டால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் இருக்கிறது, தகுந்த காரணம் வேண்டும். அலட்சியமாக விட்டுவிட்டால் பெரிய அடி விழும்: பதிவு போன அமைப்பின் சொத்து மதிப்பிலிருந்து கடனைக் கழித்து, மிச்சத்துக்கு உச்ச விகிதத்தில் வரி. அன்றைய சந்தை மதிப்புக்கு. கொளத்தூரில் இடத்தின் விலை எப்படி ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியும். சபை இடத்தையே விற்றுக் கட்டும் நிலை வரலாம்.

கடந்த நான்கு ஆண்டுக் காணிக்கைக்கு இந்தப் பதிவு குடை பிடிக்காது. அந்த ஆண்டுகளுக்கு உங்கள் சொந்த வருமான வரி ரிட்டர்னில் என்ன காட்டினீர்கள் என்பதை ஓர் ஆடிட்டரிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லி, திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். உங்கள் கணக்கில் மிச்சமிருக்கும் சபைப் பணத்தை எண்ணி, சபையார் முன் வாசித்து, புதிய கணக்குக்கு மாற்றுங்கள். இது சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

பதிவு கிடைத்த பிறகு ஆண்டு வருமானத்தில் 85 சதவீதம் அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவாக வேண்டும். இடம் வாங்குவதும் கட்டுவதும் அந்தச் செலவில் சேரும், அது உங்களுக்குச் சாதகம். கட்டடத்துக்காகச் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் காரணத்தைக் குறித்துப் படிவம் கொடுத்து 5 ஆண்டுவரை வைக்கலாம். மேஸ்திரிக்கோ கம்பிக் கடைக்கோ ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவுக் கணக்கில் ஏறாது. கட்டட வேலையில் பெரும்பாலான சபைகள் சறுக்குவது இங்கேதான். வருமானம் வரி வரம்பைத் தாண்டினால் தணிக்கை கட்டாயம். தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30க்குள், ரிட்டர்ன் அக்டோபர் 31க்குள். தாமதமானால் பதிவு இருந்தும் அந்த ஆண்டின் விலக்கு ஆபத்தில் விழலாம்.

உங்கள் சம்பளத்தையும் எழுத்தில் வையுங்கள். போதகருக்கு நியாயமான சம்பளம் கொடுக்கலாம், வீட்டு வாடகையும் கொடுக்கலாம். தர்மகர்த்தாக்கள் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, மாதா மாதம் வங்கி வழியாக. அது உங்கள் வருமானம், அதற்கு வரி உண்டு. ஊழியம் செய்கிறவருக்கு வரி இல்லை என்ற பேச்சு நம்மிடையே பரவலாக உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளில் சம்பளம் வாங்கும் துறவிகள், குருக்கள் விஷயத்திலேயே வரி பிடிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னதை, உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. அறக்கட்டளையின் கார் உங்கள் மகன் கல்லூரிக்குப் போக, அறக்கட்டளைப் பணம் உங்கள் தம்பிக்குக் கைமாற்றாக, இதெல்லாம் நிறுவனர் குடும்பத்துக்கு நன்மை செய்ததாகும். பதிவு ரத்தாகும் அளவுக்கு அது போகலாம்.

வருமான வரி விலக்கு வந்தால் எல்லா வரியும் போய்விடாது. சொத்துவரிக்கு மாநகராட்சியில் தனி மனு. பொது வழிபாட்டுக்கென்றே பயன்படும் பகுதிக்கு விலக்கு, கீழே கடை வைத்து வாடகைக்கு விட்டால் அந்தப் பகுதிக்கு இல்லை. மொட்டை மாடிக் கொட்டகைக்கு இது எழாது, வரி கட்டுவது வீட்டுக்காரர். மின்வாரியத்தில் வழிபாட்டுத் தலத்துக்குத் தனிக் கட்டண வகை உண்டு, இணைப்பு வாங்கும்போதே கேளுங்கள். ஜி.எஸ்.டி. பற்றி இப்போது கவலை வேண்டாம். நாளை மண்டபம் கட்டி ஒரு நாள் வாடகை 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வாங்கினால் அப்போது பார்க்க வேண்டும்.

கடைசியாக, அந்த இடம் வாங்க மைத்துனர் பணம் அனுப்புவதாகச் சொன்னீர்கள். அவர் இன்னும் இந்தியக் குடிமகனா, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடிமகனாகிவிட்டால், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் அறக்கட்டளை வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுச் செயல்பாடும் அந்த ஆண்டுகளில் 15 லட்ச ரூபாய் செலவும் காட்ட வேண்டும், பணமும் புது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் குறிப்பிட்ட கணக்குக்கே வர வேண்டும். "என் கணக்குக்கு அனுப்புங்கள், நான் சபைக்குக் கொடுக்கிறேன்" என்று உங்கள் வழியாக வாங்கிக் கொடுப்பதும் கூடாது. அவர் ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள்.